உலைக்கு முன்னால்

சென்னையில் 1951இல் வெளிவந்த ஒரு சமையல் புத்தகத்தையும், ஜவ்வாது மலையில் இதுவரை யாரும் எழுதி வைக்காத ஒரு சமையலையும் அருகருகே வைத்துப் பார்ப்பது முறையா என்று கேட்கலாம். ஒன்று அச்சேறி, பல மொழிகளுக்குப் போய், கல்யாணப் பெண்ணின் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே இடம்பிடித்தது. மற்றொன்று அம்மா செய்யும்போது பக்கத்தில் நின்ற மகளின் கையில் மட்டும் தங்கியது. ஆனால் சாமைச் சோறு பொங்குவது எப்படி என்று இன்றைய எந்தச் சமையல் புத்தகத்தில் தேடினாலும் ‘சாமை அரிசி ஒரு கப்’ என்றுதான் தொடங்குகிறது. அதே கேள்வியை அந்த மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கேட்டால், பேச்சு எந்தக் கொல்லையில் விளைந்தது, எத்தனை வெயில் காய்ந்தது என்று ஆரம்பிக்கிறது. அடுப்புப் பற்றவைக்கும் இடத்துக்கு அது வந்துசேர நேரம் ஆகும். சமையல் எங்கே தொடங்குகிறது என்பதில் இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பிணக்கைப் பற்றியது.

முதலில் புத்தகம். ‘சமைத்துப் பார்’ எழுதிய எஸ். மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு குடும்பத்தைத் தாங்க வேண்டியிருந்தது. கைப்பக்குவம் பேர்போனதால், உறவுப் பெண்கள் அதற்கு எப்படி, இதற்கு எப்படி என்று அவரைக் கேட்டபடியே இருந்தார்கள். இதையெல்லாம் புத்தகமாகவே போட்டுவிடு என்று யோசனை சொன்னவர் அவருடைய மாமா, வழக்கறிஞர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். 1951இல் முதல் பாகம் வந்தது. பின்னால் மற்றப் பாகங்களும் ஆங்கிலம் உட்படப் பிற மொழிகளில் மொழிபெயர்ப்புகளும் வந்தன. தமிழில் அதற்கு முன்பு சமையல் நூல்களே இல்லை என்று சொல்ல முடியாது. பாக சாஸ்திரம் என்ற தலைப்போடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வந்துகொண்டிருந்தன. ஆனால் உலை வைக்கவே தெரியாத ஒரு பெண்ணை எதிரில் உட்காரவைத்துப் பேசுவதுபோல எழுதியதில் மீனாட்சி அம்மாளின் புத்தகம் தனி.

அந்தப் பெண் யார் என்று யோசித்தால் புத்தகம் பிறந்த காரணம் விளங்கும். தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் கூட்டுக் குடும்பமாக இருந்தவர்கள் உத்தியோகம் தேடிச் சென்னைக்கும் பம்பாய்க்கும் டெல்லிக்கும் கிளம்பிய காலம் அது. மாமியாரும் நாத்தனாரும் இல்லாத இரண்டு அறை வீட்டில் ஒரு புதுப்பெண் முதல்முறையாகத் தனியாக ரசம் வைக்கிறாள். கேட்க ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தை நிரப்பவே புத்தகம் வந்தது. மலையில் அந்தத் தேவை அப்போது எழவில்லை. பெண் கட்டிக்கொடுத்த ஊர் ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும். அங்கும் அதே சாமை, அதே கேழ்வரகு, அதே அவரை, சொல்லித்தர ஒரு பெரியம்மா. எழுத்தறிவு இல்லாததால் எழுதவில்லை என்று சொல்லிவிடுவது பாதி உண்மைதான். பக்கத்திலேயே ஆள் இருக்கும்போது எழுதுவதற்கு அவசியம் வராது என்பது மீதிப் பாதி.

அளவு விஷயத்துக்கு வருவோம். பழைய பதிப்புகளில் ஆழாக்கு, படி, பலம், வீசை, ரூபாய் எடை என்றுதான் கணக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி, நாற்பது பலம் ஒரு வீசை. ஒரு பலம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 35 கிராம். 1956இல் எடை, அளவுத் தரச் சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் அளவுகள் கடைவீதிக்குள் நுழைந்தன. புத்தகம் வெளிவந்து பத்து வருடத்துக்குள் அதன் துல்லியம் முழுவதும் மொழிபெயர்க்க வேண்டியதாகிவிட்டது. மாற்றுக்கணக்கு அட்டவணை இல்லாமல் இன்று ஒரு இளம்பெண் பழைய பிரதியைப் பிரித்தால், பதினாறாம் பக்கத்தைத் தாண்ட மாட்டாள். எழுத்து நிலைக்கும், வாய்ச்சொல் அழியும் என்று நாம் வழக்கமாகச் சொல்வதற்கு இது நேர்மாறான சாட்சி. மலையில் ‘ரெண்டு கை’ என்று சொன்ன அளவு 1958க்கு முன்னும் பின்னும் ரெண்டு கையாகவே இருந்தது.

அதற்காகக் கையளவைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். கை என்பது ஆளுக்கு ஆள் வேறு. பானை மாறினால் தண்ணீர்க் கணக்கு மாறும். ஊர் விட்டு ஊர் போனால் விறகு மாறும். ஒரு வீட்டில் அளவு கேட்டதற்கு அந்தப் பாட்டி சொன்ன பதில், “அளவு எதுக்குக் கண்ணு, கைக்குத் தெரியாதா?” என்பது. அவருடைய கைக்குத் தெரியும். என் கைக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினை. மீனாட்சி அம்மாளுக்கு இந்தப் பிரச்சினை நன்றாகத் தெரிந்திருந்தது. தன் கைக்குத் தெரிந்ததைப் பிறத்தியார் கைக்குக் கடத்த, ஆழாக்கும் பலமும் அவருக்குக் கிடைத்த வண்டி. அந்தப் பெரிய வேலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மலைச் சமையலின் மேல் எனக்குள்ள பிரியத்தில் இதை மறந்துவிடுவேனோ என்று பயந்து முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

இனி மலை. ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. மலையின் பெரும்பான்மை மக்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பு இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாக அவர்களுடைய வழக்குக் கதை சொல்கிறது. 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் அந்தக் கதை பதிவாகியிருக்கிறது.

அவர்களுடைய முதன்மைத் தானியம் சாமை. ஆடி மழையை நம்பி விதைத்து மூன்று மாதத்துக்குள், அதிகம் போனால் கொஞ்சம் கூட, வீடு வந்து சேர்கிற பயிர். சரிவான, கல் கலந்த, சத்துக் குறைந்த மண்ணிலும் விளையும். கொல்லையில் ஊடே துவரை, அவரை, மொச்சை நிற்கும்; தானியமும் அதற்குத் தொட்டுக்கொள்ளவும் ஒரே கொல்லையிலிருந்து வரும். கதிரை அறுத்துக் கட்டி அடுக்கி, பின் மிதித்தோ அடித்தோ மணியைப் பிரிக்கிறார்கள். இதுவரை வேளாண்மை, இனிமேல்தான் சமையல் என்று கோடு கிழிக்க நகரவாசிக்குத் தோன்றும். அந்தக் கோட்டை மலைப் பெண் எங்கும் கிழிப்பதில்லை. சாமை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அது உரலில் உடையுமா, உமி மட்டும் கழலுமா என்பது தீர்மானமாகிறது. சோறு குழையுமா, பொலபொலவென்று வருமா என்பது களத்திலேயே பாதி முடிவாகிவிட்டது.

சாமை மணி கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் மேல் வழுவழுப்பான, இறுகப் பிடித்த உமி. நெல்லின் உமியைப்போல ஒரே இடியில் விட்டுக்கொடுக்காது. உரலில் போட்டு இடிக்க வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், புடைத்ததைத் திரும்ப உரலில் போட வேண்டும், மறுபடி முறம். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடும்போது வேகம் ஒன்றாக இல்லாவிட்டால் மணி நொறுங்கி நொய்யாகிவிடும். புடைப்பது அதைவிட நுணுக்கமான காரியம். உமி முன்னால் பறக்கும்; நொய் ஒரு மூலைக்கு ஒதுங்கும்; உமி போகாத முழு மணிகள் மேலே திரளும். கடைசியில் கல். சாமைக்குள் கலந்த மண்ணும் பொடிக்கல்லும் அதே அளவில், ஏறக்குறைய அதே நிறத்தில் இருக்கும். கண்ணால் பொறுக்கினால் ஒரு பகல் போதாது. தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தை ஒரு சாய்வில் ஆட்டி, மிதக்கிற சாமையை இன்னொரு பாத்திரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வழியவிட்டு, அடியில் கல்லை நிறுத்துகிறார்கள். அரித்தல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மணிக்கட்டு அந்த ஆட்டத்தைப் பழக எவ்வளவு நாளாகும் என்பதை, முதல் கவளத்தில் கல்லைக் கடித்தவர்கள் அறிவார்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில், மொத்தமாக, வருடத்துக்கும் சேர்த்துச் செய்துவிட முடியாதா? செய்ய மாட்டார்கள். காரணம் சாமைக்குள்ளேயே இருக்கிறது. உமியோடு இருக்கும் வரை அது வருடக்கணக்கில் கெடாது. உமி நீங்கியதும் முளைப்பகுதியிலும் தவிட்டிலும் உள்ள எண்ணெய்ச் சத்து காற்றுப் பட்டுச் சிக்குவாடை அடிக்க ஆரம்பிக்கும். பூச்சியும் உள்ளே நுழையும். ஆகையால் தானியம் உமியோடு தொம்பையில் கிடக்கும். மூங்கிலால் பின்னி, சாணமும் மண்ணும் பூசிய கூடு அது. வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்துக் குத்திக்கொள்வார்கள். அடுத்த வருட விதை அடுப்புக்கு மேலே பரணில், புகை படுகிற இடத்தில். அடுப்புப் புகை கண்ணைக் கெடுத்தது, நெஞ்சைக் கெடுத்தது. விதையை மட்டும் காப்பாற்றியது.

‘சமைத்துப் பார்’ இந்தப் பக்கமே வராது. வரவும் தேவையில்லை. மயிலாப்பூர்ச் சமையலறைக்குள் அரிசி வரும்போது ஆலையில் தீட்டப்பட்டு, மூட்டையாகக் கட்டப்பட்டு வருகிறது. குத்துவதும் புடைப்பதும் வேறு யாருடைய உடம்பிலோ நடந்து முடிந்த வேலை. அந்த உடம்புக்குப் புத்தகத்தில் பக்கம் இல்லை. மீனாட்சி அம்மாளை இதற்காகக் குறை சொல்ல வரவில்லை. உலகத்தில் எழுதப்பட்ட சமையல் குறிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான், சுத்தம் செய்த பொருள் மேடைக்கு வந்த பிறகே திரை விலகும்.

பாத்திரங்களைப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரிகிறது. புத்தகச் சமையலறையில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு பாத்திரம். பொங்கலுக்கு வெண்கலப் பானை, வற்றல் குழம்புக்குக் கல்சட்டி, பாகு காய்ச்ச உருளி, ரசத்துக்கு ஈயச்சொம்பு. ஈயச்சொம்பு என்று பெயர் இருந்தாலும் அது வெள்ளீயம். ஏறத்தாழ 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் உலோகம். உள்ளே ரசம் இருக்கும் வரை நெருப்பு அதை ஒன்றும் செய்யாது. திரவத்தின் சூடு நூறைத் தாண்டாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் பேசப் போனவள் திரும்பி வரும்போது சொம்பு இருக்காது, அடுப்பில் வெள்ளித் துளிகள்தான் இருக்கும். கல்சட்டியோ வேறு குணம். மாக்கல்லில் குடைந்தது. வாங்கியவுடன் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். கஞ்சித் தண்ணீர் ஊற்றி நாள்கணக்கில் பழக்க வேண்டும். பழகிவிட்டால் இறக்கி வைத்த பிறகும் குழம்பு அதற்குள் கொதித்துக்கொண்டே இருக்கும். இந்தப் பாத்திரங்கள் மேல் எனக்கு உள்ள ஆசைக்கு அளவில்லை. பழைய பாத்திரக் கடை எதிர்ப்பட்டால் உள்ளே போகாமல் கடந்ததில்லை.

மலை வீட்டில் அடுப்பின் மேல் ஏறுகிற பாத்திரம் கொஞ்சம்தான். சோற்றுப்பானை, குழம்புச் சட்டி, கீரை கடைய ஒரு சட்டியும் மத்தும். முன்பு மண், பிறகு அலுமினியம், இப்போது எவர்சில்வர். தட்டுமுட்டுச் சாமான் குறைவு என்று பார்த்தவுடன் வறுமைக் கணக்குப் போட்டுவிடுவோம். ஆனால் அடுப்பைத் தாண்டி வாசலுக்கு வந்தால் உரல், உலக்கை, இரண்டு மூன்று முறங்கள், சல்லடைகள், திரிகைக்கல், தொம்பை, விதை வைக்கும் சுரைக்குடுக்கை என்று ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது. நகரத்துப் பாத்திரங்கள் எல்லாம் வெந்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொள்கின்றன. மலையின் சாமான்கள் வேகப்போவதைத் தயார் செய்கின்றன. எங்கே உழைப்பு அதிகமோ அங்கே கருவி பெருகும். இரண்டு வீடுகளின் உழைப்பும் எங்கே இருக்கிறது என்பதை அறியச் சாமான் பட்டியலே போதும்.

ஒரே ஒரு பதார்த்தம் மலையிலும் அடுப்பில் வைத்துப் பெரும்பாடு படுத்தும்: கேழ்வரகுக் களி. கொதிக்கும் தண்ணீரில் நொய்யைப் போட்டு வேகவிட்டு, அதன் மேல் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் துளை போட்டு மூடிவிடுகிறார்கள். துளை வழியாக ஆவி மேலேறி மாவை உள்ளிருந்து வேகவைக்கும். அவசரப்பட்டு முதலிலேயே கிண்டினால் கட்டி தட்டும். கட்டியின் நடுவில் பச்சை மாவு அப்படியே நிற்கும். ஆவி வந்த பிறகு பானையைக் கீழே இறக்கி, கவைக்கோலால் அசையாமல் அணைத்துக்கொண்டு, முழு உடம்பையும் சாய்த்துத் துடுப்பை இழுக்க வேண்டும். வெந்ததா என்று பார்க்கக் கையைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொடுவார்கள். கையில் ஒட்டாவிட்டால் பதம் வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் இரண்டு சமையலும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன என்று தோன்றுகிறது. ஆழாக்கும் பலமுமாக வருகிற எழுத்துச் சமையல், அதிரசத்துக்கோ மைசூர்பாகுக்கோ பாகு காய்ச்சும் இடத்தில் அளவை மூட்டை கட்டி வைத்துவிடுகிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார், உருண்டால் இறக்கு. இரண்டு விரலுக்கு நடுவே கம்பி இழுத்தால் நிறுத்து. எத்தனை நிமிஷம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், வெல்லத்துக்கு வெல்லம் மாறும். ஆக எழுதுகிறவரும் கடைசி நொடியில் விரலைத்தான் நம்புகிறார். வித்தியாசம் என்னவென்றால், மலையில் இந்த விரல் வேலை அறுவடையிலிருந்தே நடக்கிறது, புத்தகத்தில் பாகுக்கு மட்டும்.

மலைச் சமையல் எழுத்தில் ஏறவே இல்லை என்று மேலே சொன்னதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். ஏறியது, ஆனால் சமைத்தவர் கையால் அல்ல. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் இந்த வட்டாரத்துப் பாட்டு. ஜவ்வாது மலையின் அடிவாரத்துச் செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னனிடம் கூத்தர்களை வழியனுப்பி வைக்கிறது. இந்த மலையில் பிறக்கும் சேயாறு அதில் ஓடுகிறது. நவிரமலையை அறிஞர்கள் பக்கத்துப் பர்வதமலை என்பார்கள். 583 அடிகளில் பெருங்கௌசிகனார் வழி சொல்லிக்கொண்டே போகிறார். வழி நெடுக என்ன சாப்பிடக் கிடைக்கும் என்பதையும் விடாமல் சொல்கிறார். நெய்யில் வெந்த இறைச்சியோடு தினைச் சோறு, மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் கள், உடும்புக் கறி, பலாக்கொட்டை மாவு, புளியும் மோரும் கலந்த உலையில் வெந்த மூங்கிலரிசி. வேறோரிடத்தில் அவரை விதையும் மூங்கிலரிசியும் மேட்டுநில நெல்லும் சேர்த்த புளிங்கூழ். 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்ததால் இந்தச் சாப்பாட்டுப் பட்டியல் நமக்கு மிஞ்சியது.

பாட்டில் வரும் மலைக் குறவர் வேறு, காஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லும் இன்றைய மலையாளிகள் வேறு. இரண்டாயிரம் வருடத் தொடர்ச்சி என்று ஒரே கோடாக இழுத்துவிட முடியாது. ஆனாலும் பலாக்கொட்டை, அவரை, புளி மூன்றும் இன்றும் அதே மலையில் அடுப்பில் ஏறுகின்றன. மண்ணும் மழையும் தருவதைத்தானே யார் வந்தாலும் சமைக்க முடியும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. புலவர் விருந்தாளியின் இடத்திலிருந்து பாடுகிறார். வீடுதோறும் கிடைக்கும், பிள்ளைகள் போகவிடாமல் தடுப்பார்கள் என்கிறார். கிடைக்கிற சோறு குறமகள் ஆக்கியது என்றும் ஒரு சொல் சொல்லிவிடுகிறார். அந்தக் குறமகள் தினையை எப்படிக் குத்தினாள், மூங்கிலரிசியின் தோலை எப்படி நீக்கினாள் என்பது பந்தியில் உட்கார்ந்தவருக்குத் தெரிய நியாயமில்லை. 1951இல் மீனாட்சி அம்மாள் செய்த புரட்சி இந்தப் பின்னணியில்தான் முழுசாகத் தெரிகிறது. பந்தியில் இருந்தவர் எழுதுவதை நிறுத்தி, கரண்டி பிடித்தவர் எழுதினார்.

இதற்குள் மலை அடுப்பும் அப்படியே நிற்கவில்லை. 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூனில் விலையே இல்லாமல் போனது. அதே வருடம் செப்டம்பரில் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் வந்தது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் எரிவாயு இணைப்பு. மலைச் சோறு வெள்ளை அரிசிச் சோறானது. சாமை விற்பனைக்குப் போகிற பயிரானது. உமி நீக்கும் இயந்திரங்களும் வந்தன. இதைச் சொல்லும்போது கட்டுரையாளர்கள் வழக்கமாக ஒரு பெருமூச்சு விடுவார்கள். எனக்கு அந்தப் பெருமூச்சு வரவில்லை. ஒரு நேரச் சோற்றுக்கு இரண்டு பெண்களின் தோளையும் முதுகையும் விலையாகக் கேட்ட தானியம் சாமை. விறகு சுமந்து, தண்ணீர் சுமந்து, அதற்கு மேல் உலக்கையும் பிடித்தவள் ரேஷன் அரிசி மூட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதில் வியப்பென்ன? உரலின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு மரக்கால் சாமையைக் குத்திவிட்டு எழுத வேண்டும் என்று சட்டம் போட்டால் தமிழில் கட்டுரைகள் பாதியாகக் குறையும்.

அடுப்புப் பக்கமும் அதே கதைதான். புகை போனது நல்லது. ஆனால் பரணில் இருந்த விதைக்கு இனி வேறு பாதுகாப்புத் தேட வேண்டும். கேஸ் அடுப்பின் மேல் பரண் கட்ட முடியாது. இந்தச் சின்ன விளைவை எந்தத் திட்ட அறிக்கையும் யோசித்திருக்காது. விதை வீட்டில் நிற்காவிட்டால் அடுத்த விதைப்புக்கு வெளியே கேட்டுப் போக வேண்டும். விதையை விட்ட வீட்டில் அந்தத் தானியம் அதிகநாள் தங்காது.

மறுபக்கம் நகரத்தில் சாமைக்குத் திடீர் மவுசு. சர்க்கரை நோய்ப் பயமும், ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் சேர்ந்துகொண்டன. புத்தகக் கடையில் சிறுதானியச் சமையலுக்கு ஒரு தனி வரிசையே உண்டு. அவற்றை வாங்கிப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு இருக்கிறது. பெரும்பாலானவை ‘சமைத்துப் பார்’ வழியில் பிறந்த பேரப்பிள்ளைகள்: சாமைப் பொங்கல், சாமை உப்புமா, சாமைத் தயிர்சாதம், சாமை பிரியாணி. அரிசி என்று இருந்த இடத்தில் சாமை என்று மாற்றி, தண்ணீர் அளவைக் கொஞ்சம் திருத்தினால் குறிப்பு முடிந்தது. தானியம் மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டது. அதைச் சுற்றியிருந்த அறிவு வண்டியில் ஏறவில்லை. அதனால்தான் பாக்கெட் சாமையை வாங்கி நாலு மாதம் அலமாரியில் வைத்துவிட்டு, பூச்சி விழுந்துவிட்டது, வாடை வருகிறது என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறோம். உமி போன சாமையைச் சேர்த்து வைக்கக் கூடாது என்பது மலையில் சின்னப் பெண்ணுக்கும் தெரியும். நம் புத்தகங்களில் அந்த ஒரு வரி இல்லை. இயந்திரத்தில் மின்ன மின்னத் தீட்டிய சாமைதான் நல்ல சாமை என்று நினைத்து வாங்குகிறோம். தீட்டத் தீட்டத் தவிட்டோடு சத்தும் போகிறது. எதற்காகச் சிறுதானியம் தேடினோமோ அதைக் கழித்துவிட்டு வாங்குகிறோம்.

கரிசல் காட்டுக்கு ஒரு கி. ராஜநாராயணன் கிடைத்தார். அந்த மண்ணின் சொல்லை அகராதியாகத் தொகுத்தவர், அந்த மண்ணின் சாப்பாட்டையும் விடாமல் எழுதினார். சம்சாரி வீட்டுக்குள் பிறந்தவர் என்பதால் கம்பின் கதை அவரிடம் காட்டிலிருந்தே தொடங்கும். ஜவ்வாது மலைக்கு அப்படி ஒருவர் இனிமேல் வர வாய்ப்பு உண்டு. மலை முழுக்க அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பாட்டிக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாத வீட்டில் பேத்தி பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். விடுதியில் வளர்கிற அந்தப் பேத்தி பாட்டியின் பக்கத்தில் நின்று சாமை அரித்ததில்லை. 1951இல் பம்பாயிலிருந்த புதுப்பெண்ணுக்கு வந்த அதே நிலை இப்போது இவளுக்கு வந்திருக்கிறது: சமைக்கத் தெரிந்தவர் ஓரிடத்தில், கற்க வேண்டியவர் வேறிடத்தில். புத்தகம் பிறப்பதற்கான காரணம் மலையேறிவிட்டது.

அப்படி ஒரு புத்தகம் வந்தால் ‘சமைத்துப் பார்’ போல இருக்காது, இருக்கவும் கூடாது என்பது என் எண்ணம். அதன் முதல் அத்தியாயம் விதையும் பரணும். பரண் இல்லாத வீட்டில் விதையை எதில் வைப்பது என்பதும் அதிலேயே வர வேண்டும். இரண்டாவது களம், வெயில். மூன்றாவதில் உரலும் முறமும். இயந்திரத்தில் கொடுத்தால் எவ்வளவு தீட்டச் சொல்ல வேண்டும், அரைத்துவந்ததை எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்ற கணக்கு. அரித்தலுக்குப் படங்கள் வேண்டும், எழுத்தால் மட்டும் மணிக்கட்டைச் சொல்ல முடியாது. அவரையும் மொச்சையும் எந்தப் பருவத்தில் எந்தச் சோற்றுக்குச் சேரும் என்று ஒரு பகுதி, மழைக்குப் பின் கொல்லையோரம் முளைக்கும் கீரைகளுக்கு ஒரு பகுதி. சாமைச் சோறு பொங்குவது எட்டாவது அத்தியாயத்திலோ ஒன்பதாவதிலோ அரைப் பக்கத்துக்கு வந்தால் போதும். மூன்று கல் அடுப்புக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு, கேஸ் அடுப்புக்கு ஒரு கணக்கு. மீனாட்சி அம்மாளிடமிருந்து அது கடன் வாங்க வேண்டியது ஒன்றுதான்: அட்டையில் சமைத்தவரின் பெயர் இருக்க வேண்டும்.